உடம்பைப் பற்றிப் பேசாத ஒரு கோடை

எழுதக் கூடாதவற்றின் பட்டியல்தான் முதலில் கைக்கு வந்தது. நிறையை எழுதக் கூடாது. கலோரிக் கணக்குக் கூடாது. உடுப்பின் அளவு கூடாது. நோய் முற்றியிருந்த காலத்தில் பிள்ளை எதைத் தவிர்த்தது, எப்படி ஒளித்தது என்ற விவரம் கூடாது. ‘அப்போது’, ‘இப்போது’ என்று இரண்டு படங்களைப் பக்கத்தில் பக்கத்தில் போடக் கூடாது. இவையெல்லாம் போனபின் எழுதுவதற்கு என்ன மிஞ்சும் என்று யோசித்துக்கொண்டு அந்தத் தாளை மடித்து வைத்தேன்.

ரொறன்ரோவில் உண்ணல் கோளாறுகளோடு போராடும் இளையோருக்கும் அவர்களுடைய குடும்பங்களுக்கும் துணைநிற்கிற ஒரு சிறிய தொண்டு நிறுவனம். 15 முதல் 30 வயது வரையானவர்களைக் கோடைக்கு வேலைக்கு எடுக்க இப்படியான நிறுவனங்களுக்குக் கனடிய மத்திய அரசு ஊதியப் பணம் கொடுத்து உதவுகிறது. அந்தத் திட்டத்தில் வந்தவள் நான். சுவரொட்டி, துண்டுப்பிரசுரம், இன்ஸ்டகிராம் பதிவுகள், நன்கொடையாளருக்கு மடல்: இவை என் பொறுப்பு.

பட்டியலின் காரணம் போகப்போகப் புரிந்தது. நோயில்லாதவருக்கு ஓர் எண் வெறும் தகவல். அனொரெக்சியா என்ற உண்ணல் கோளாறின் பிடியில் இருக்கும் பிள்ளைக்கு அதே எண் போட்டி. ‘அவள் அவ்வளவு தூரம் போனாள், நான் இன்னும் போகவில்லை’ என்றுதான் அந்த மனம் கணக்குப் போடும். மற்றவர்களை எச்சரிக்க எழுதிய கட்டுரையையே அந்தப் பிள்ளை வழிகாட்டியாக வாசித்துவிடும். விழிப்புணர்வு என்ற பெயரில் எத்தனையோ நல்ல மனிதர்கள் இந்தத் தீங்கைத் தெரியாமல் செய்திருக்கிறார்கள். ஆகவே ஒவ்வொரு வரியையும் இரண்டு தடவை வாசிக்கிறோம். பொதுமக்களில் ஒருவராக ஒரு தடவை. இரவு ஒரு மணிக்குப் போர்வைக்குள் கைபேசியோடு விழித்திருக்கும் பதினைந்து வயதுப் பிள்ளையாக இன்னொரு தடவை. இரண்டாவது வாசிப்பில் தேறாத வரி போய்விடும், எவ்வளவு அழகான வரியாக இருந்தாலும்.

*

படம் தேடுவது எழுதுவதைவிடக் கடினம்.

விலைக்குப் படம் கொடுக்கும் களஞ்சியங்களில் இந்த நோயின் பெயரைத் தட்டினால் வருபவை: இடுப்பைச் சுற்றிய அளவுநாடா. தராசின் மேல் இரண்டு வெறுங்கால்கள். வெள்ளைத் தட்டின் நடுவில் ஒற்றை அப்பிள். கண்ணாடியின் முன்னால் முதுகு காட்டி நிற்கும் ஒரு வெள்ளைக்காரப் பெண்பிள்ளை, தோள் எலும்பு தெரிய. பக்கம் பக்கமாக இவையே. ஆண்பிள்ளை அருமை. கறுப்பினப் பிள்ளையும் பருமனான பிள்ளையும் அருமை. எங்கள் வீட்டுப் பிள்ளைபோல் ஒன்றையும் நான் காணவில்லை. உண்ணல் கோளாறுகளில் பரவலாகக் காணப்படுவது கட்டுப்பாடின்றி அளவுக்கு மீறி உண்ணும் கோளாறுதான். அனொரெக்சியா அதைவிடக் குறைவு. அளவுக்கு மீறி உண்ணும் கோளாறுள்ள ஒருவர் இந்தப் படங்களைப் பார்த்தால் ‘இது என்னைப் பற்றியதல்ல’ என்று கடந்து போய்விடுவார். உதவி தேட வேண்டிய பெருவாரியானவர்களைப் படமே வாசலில் நிறுத்தித் திருப்பி அனுப்பிவிடுகிறது.

நாங்களே எடுத்தோம். பஸ் தரிப்பில் ஒரே கைபேசியைப் பார்த்துச் சிரிக்கும் இரண்டு பேர். ஒரு சமையலறை மேசை: நான்கு கதிரை, தண்ணீர்க் கூசா, யாரோ கழற்றி வைத்த மூக்குக்கண்ணாடி, சாய்ந்து கிடக்கும் பள்ளிக்கூடப் பை. அந்தப் படத்தின் ஓரத்தில் இடியப்பத் தட்டு ஒன்று பாதி தெரிந்தது. அதை வெட்டிவிடலாமா என்று கேட்டேன். எங்கள் ஒருங்கிணைப்பாளர் சற்று நேரம் பார்த்துவிட்டு, வேண்டாம் என்றார். “சாப்பாட்டை ஒளித்தால் அதுவே குற்றம் என்று சொன்னமாதிரி ஆகிவிடும். மேசையில் சாப்பாடு இருப்பது வழமை. வழமையாகவே இருக்கட்டும்.”

அந்தப் படம்தான் இந்தக் கோடையின் சுவரொட்டி.

*

மீண்டுவந்த பத்தொன்பது வயதுப் பெண் ஒருத்தி தன் கதையை எழுதித் தந்தாள். மூன்றாவது பத்தியில் ஓர் எண் இருந்தது. மருத்துவமனையில் சேர்த்த நாளில் தராசு காட்டிய எண். அதை எடுக்க வேண்டும் என்றபோது அவள் கோபப்படவில்லை. கொஞ்சம் பேசாமல் இருந்துவிட்டு, “எண்ணை எடுத்தால், எனக்கு உண்மையாகவே வருத்தம் இருந்தது என்று யார் நம்புவார்கள்?” என்று கேட்டாள்.

இந்தக் கேள்வியை நான் பல நாள் சுமந்து திரிந்தேன். மருத்துவமனையில் கிடந்து எழும்பிய பிள்ளைக்கே தன் நோய்க்குச் சாட்சி தேவைப்படுகிறது. ‘நான் போதிய அளவு நோயாளி இல்லை’ என்ற நினைப்பு இந்த நோயின் ஓர் அங்கம். உதவி கேட்காமல் வருடக்கணக்கில் இருப்பவர்கள் பலர் சொல்லும் காரணமும் அதுவே. அவர்களுக்கு அந்த நினைப்பை ஊட்டியதில் எங்கள் எல்லோருக்கும் பங்கு உண்டு. உடம்பு மெலிந்து கண்ணுக்குத் தெரிந்தால்தான் நோய் என்று மருத்துவர்களே பல காலம் நம்பினார்கள்.

அந்த மெலிவை அளக்க உயரத்தையும் நிறையையும் வைத்துப் போடும் சுட்டெண்ணை (BMI) எல்லாக் கிளினிக் சுவர்களிலும் காணலாம். அதன் சூத்திரம் 1830களில் பெல்ஜியத்தைச் சேர்ந்த அடோல்ப் கெற்றலே வகுத்தது. அவர் வானியலாளர், புள்ளியியலாளர், மருத்துவர் அல்லர். மக்கள் திரளின் சராசரியைத் தேடியவர். தனி ஒரு பிள்ளை நலமா என்று அறிய அவர் அதைச் செய்யவில்லை. இன்று வழங்கும் பெயரை அதற்கு 1972இல் இட்டவர் அமெரிக்க உடலியலாளர் அன்செல் கீஸ். 2013இல் வெளிவந்த அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் நோயறிதல் கையேடு, ஐந்தாம் பதிப்பு, பெருமளவு நிறை இழந்தபின்னும் ‘சாதாரண’ வரம்புக்குள் அல்லது அதற்கு மேலே நிற்பவர்களுக்கும் அனொரெக்சியாவின் மற்ற எல்லாக் குறிகளும் இருக்கக்கூடும் என்று தனியே குறித்தது. அவர்களுடைய நாடித்துடிப்பும் ஆபத்தான மட்டத்துக்கு இறங்கலாம். மாதவிடாய் நின்றிருக்க வேண்டும் என்ற பழைய நிபந்தனையையும் அந்தப் பதிப்பு எடுத்துவிட்டது. ஆண்பிள்ளைகள் அந்த நிபந்தனையால் எத்தனை காலம் கணக்கில் வராமல் போனார்கள் என்று நினைத்தால் மனம் வலிக்கிறது.

எண் இருந்த இடத்தில் அவள் புதிதாக எழுதிய வரி இது: “தங்கச்சியின் பத்தாவது பிறந்தநாளுக்குக் கேக் வெட்டும்போது நான் மேல்மாடி அறைக்குள் கதவைச் சாத்திக்கொண்டு நின்றேன், பாட்டு முடியும்வரை.”

இதை வாசித்தபின் அவளுக்கு வருத்தம் இருந்ததா என்று யாரும் கேட்க மாட்டார்கள்.

*

வெள்ளிக்கிழமை பின்னேரம் கனமான எதையும் பதிவிடுவதில்லை. சனி ஞாயிறு அலுவலகத்தில் ஆள் இல்லை. ஒரு பதிவு ஒரு பிள்ளையின் உள்ளே எதையோ கிளறிவிட, அது எங்களுக்கு எழுத, திங்கட்கிழமைவரை பதில் இல்லாமல் இருப்பதைவிடப் பதிவே இல்லாமல் இருப்பது மேல். செய்தி அனுப்பினால் உடனே போகும் தானியங்கிப் பதிலில் மூன்று வரி: இந்தப் பெட்டியை எப்போதும் யாரும் பார்த்துக்கொண்டிருப்பதில்லை, அவசரம் என்றால் 911, மனம் தாங்கவில்லை என்றால் 988, கனடாவில் எங்கிருந்தும் பகலும் இரவும். அந்த மூன்று வரியை நான் திருத்தித் திருத்தி எழுதிய அளவுக்கு வேறெதையும் எழுதவில்லை.

2023இல் அமெரிக்காவின் தேசிய உண்ணல் கோளாறுகள் சங்கம் இருபது ஆண்டுகளுக்கு மேல் நடத்திவந்த உதவித் தொலைபேசியை மூட முடிவெடுத்தது. அதே வேளையில் அவர்களுடைய ‘ரெசா’ என்ற உரையாடல் செயலி, உதவி கேட்டு வந்தவர்களுக்குக் கலோரியைக் குறைக்கவும் நிறை பார்க்கவும் ஆலோசனை சொன்னது. மே மாத இறுதியில் அதை நிறுத்தினார்கள். மற்றவர்களுக்குச் சாதாரண உடல்நலக் குறிப்பாகத் தோன்றும் வாக்கியம் இங்கே நஞ்சு. அதைப் பிரித்தறிய, கேட்பவர் யார் என்று தெரிந்த ஒரு மனிதர் வேண்டும். இதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

*

கோடை இந்தப் பிள்ளைகளுக்கு நல்ல காலம் அல்ல.

மே மாதம் தொடங்கியதும் சுரங்க ரயிலிலும் கடைக் கண்ணாடியிலும் ‘கோடைக்கு உடம்பைத் தயார்ப்படுத்துங்கள்’ என்ற விளம்பரங்கள் ஏறிவிடும். குளிர்காலத்தில் தடித்த மேலங்கிக்குள் இருந்த உடம்புகள் எல்லாம் திடீரென வெளிச்சத்துக்கு வரும். ஜூன் கடைசியில் பள்ளிக்கூடம் முடியும். அதோடு மணி அடித்துச் சாப்பிடும் மதிய நேரமும், ‘ஏன் சாப்பாட்டுப் பெட்டி திறக்கவில்லை’ என்று கவனிக்கும் ஆசிரியரும் இல்லாமல் போவார்கள். தாயும் தகப்பனும் வேலைக்குப் போன வீட்டில் பிள்ளை தனியே. ஒழுங்கு குலைந்து, தனிமை கூடினால் என்ன நடக்கும் என்று கொரோனாக் காலம் காட்டியது. கனடாவின் ஆறு குழந்தைகள் மருத்துவமனைகளில் செய்த ஆய்வு 2021 இறுதியில் வெளியானது. 9 முதல் 18 வயது வரையானவர்களில் புதிதாக அனொரெக்சியா கண்டறியப்பட்டவர்கள் மாதத்துக்குச் சராசரியாக 24.5 பேராக இருந்து பெருந்தொற்றின் முதல் அலையில் 40.6 பேராகக் கூடினார்கள். மருத்துவமனையில் சேர்க்கப்பட்டவர்கள் 7.5 பேரிலிருந்து 20 பேர்.

ஆகவே ஜூலை, ஓகஸ்ட் பதிவுகளை நாங்கள் பிள்ளைகளை விடப் பெற்றோரை நோக்கி எழுதுகிறோம். மதியச் சாப்பாட்டுக்கு வீட்டில் யாராவது ஒருவர் இருக்க வழி பாருங்கள். அம்மம்மாவாக இருந்தாலும் நல்லது. முடியாவிட்டால் தொலைபேசியில் முகம் பார்த்துக்கொண்டு சேர்ந்து சாப்பிடுங்கள். இவ்வளவுதான் பதிவு. இதற்குக் கிடைக்கும் விருப்பக்குறிகள் குறைவு. சேமித்து வைப்பவர்கள் அதிகம்.

*

பெற்றோரைப் பற்றி ஒரு குறிப்பு.

1873இல் பாரிஸில் ஷார்ல் லாசெக்கும் லண்டனில் வில்லியம் கல்லும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் இந்த நோயை விவரித்தார்கள். அனொரெக்சியா நெர்வோசா என்ற பெயர் கல் வைத்தது. நோயாளியைப் பராமரிக்க உறவினர்களைப்போல் தகுதியற்றவர்கள் இல்லை என்பது அவருடைய எண்ணம். அந்த எண்ணம் நூறு வருடத்துக்கு மேல் நீடித்தது. பிள்ளையைத் தாயிடமிருந்து பிரித்தால்தான் தேறும் என்றார்கள். தாய் கண்டிப்பு, தாய் குளிர்ந்த மனம், தாய் அளவுக்கு மீறி அன்பு என்று எந்தப் பக்கம் திரும்பினாலும் குற்றவாளி தாய். 1980களில் லண்டன் மோட்ஸ்லி மருத்துவமனையில் ஜெரால்ட் ரசல், கிறிஸ்தோபர் டேர், ஐவன் ஐஸ்லர் ஆகியோர் இதைத் தலைகீழாக்கினார்கள். நோய் ஏன் வந்தது என்ற விசாரணையை ஒதுக்கிவைத்து, பிள்ளையைச் சாப்பிட வைக்கும் பொறுப்பைத் தாய் தகப்பனிடமே கொடுத்தார்கள். 1987இல் அவர்கள் வெளியிட்ட ஆய்வில், நோய் தொடங்கி அதிக காலம் ஆகாத இளம் வயதினருக்குக் குடும்பத்தோடு செய்த சிகிச்சையே கூடிய பலன் தந்தது. இன்று பதின்ம வயதினரின் அனொரெக்சியாவுக்கு முதலில் பரிந்துரைக்கப்படும் சிகிச்சை அதன் வழி வந்ததுதான்.

முதல் கட்டத்தில் எதைச் சாப்பிடுவது, எவ்வளவு சாப்பிடுவது என்று பெற்றோர் முடிவெடுப்பார்கள். பிள்ளையின் பக்கத்தில் இருந்து, தட்டு முடிந்தபின்தான் எழும்புவார்கள். மூன்று நேரமும் இடைப்பட்ட சிற்றுண்டியும். பிள்ளை கத்தும், அழும், தட்டைத் தள்ளும். இதைத் தாங்குவது எப்படி என்று பெற்றோருக்கு எழுதும்போதெல்லாம் நான் கீஸின் மினசோட்டா ஆய்வைச் சொல்கிறேன்; மேலே சொன்ன அதே அன்செல் கீஸ். 1944 நவம்பரில் அவர் 36 ஆரோக்கியமான இளைஞர்களைச் சேர்த்தார். போருக்குப் போக மனச்சாட்சி இடம் கொடாதவர்கள், போரில் பட்டினி கிடந்த மக்களை எப்படித் தேற்றுவது என்று அறியத் தாமாக முன்வந்தவர்கள். 24 கிழமை அவர்களுக்குச் சாப்பாட்டைக் குறைத்தார்கள். கலகலப்பாக இருந்தவர்கள் ஒதுங்கினார்கள். எரிச்சலும் சோர்வும் வந்தது. இரவு பகலாகச் சாப்பாட்டையே நினைத்தார்கள். சமையல் புத்தகங்களைச் சேர்த்து வாசித்தார்கள். அவர்களில் யாருக்கும் அனொரெக்சியா இல்லை. பசி மட்டுமே அதைச் செய்தது. ‘என் பிள்ளை இப்படி இல்லையே’ என்று தவிக்கும் தாய்க்கு இதைவிட ஆறுதலான செய்தி எனக்குத் தெரியவில்லை. உங்கள் பிள்ளை உள்ளே அப்படியே இருக்கிறது. சாப்பாடு திரும்பினால் குணமும் மெல்ல மெல்லத் திரும்பும்.

*

ஓகஸ்ட் இறுதியில் ஸ்காபரோவில் மார்க்கம் வீதியை மறித்துத் தமிழர் தெருவிழா நடக்கிறது. கொத்துரொட்டித் தகட்டுச் சத்தம், பறை, கரும்புச்சாற்று இயந்திரம், வண்டிலில் நித்திரையாகிப்போன குழந்தைகள். அங்கே ஒரு மேசை போட்டுத் தமிழ்த் துண்டுப்பிரசுரம் கொடுத்தோம்.

ஓர் ஐயா வாங்கி வாசித்துவிட்டு, “இது வெள்ளைக்காரற்ற வருத்தமெல்லே பிள்ளை?” என்றார். அவருக்குப் பிஜித் தீவைப் பற்றிச் சொன்னேன். வஞ்சகமில்லாமல் சாப்பிடு என்று விருந்தாளியை வற்புறுத்தும் ஊர். திரண்ட உடம்பை மதித்த ஊர். நாட்ரோகா என்ற பகுதிக்குத் தொலைக்காட்சி 1995இல் வந்தது. அப்போதும், மூன்று வருடம் கழித்து 1998இலும், மருத்துவ மானிடவியலாளர் ஆன் பெக்கர் அங்குள்ள பள்ளி மாணவிகளை ஆராய்ந்தார். உண்ணல் பற்றிய வினாத்தாளில் கவலைக்கிடமான புள்ளி எடுத்தவர்கள் 12.7 விழுக்காட்டிலிருந்து 29.2 விழுக்காடாக ஆனார்கள். சிறிய ஆய்வு, சில டசின் பிள்ளைகள்தான். ஆனாலும் ஐயா பிரசுரத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு போனார்.

பிறகு ஓர் அம்மா வந்தார். முதலில் சற்றுத் தள்ளி நின்று வாசித்தார்.

“தங்கச்சி, எனக்கில்லை. தெரிஞ்ச ஒராளின்ர மகளுக்கு.”

“சொல்லுங்கோ அன்ரி.”

“படிப்பில நல்ல கெட்டிக்காரி. முந்தி எல்லாருமா இருந்துதான் சாப்பிடுவினம். இப்ப, பிறகு சாப்பிடுறன் எண்டு மேலே போயிடுவாளாம். போன மாசம் ஒரு கலியாணவீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனனான். எல்லாரும், வடிவா வந்திட்டாய், என்ன செய்தனி எண்டு கேட்கினம். அவளுக்குச் சந்தோசம். எனக்கு நெஞ்சு பதைக்குது.”

அவர் தானே மாற்றிப் பேசிவிட்டதைக் கவனிக்கவில்லை. நானும் காட்டிக்கொள்ளவில்லை. கொஞ்சம் பொறுத்து, “நான் சமைக்கிறதிலதான் பிழையோ?” என்று கேட்டார்.

பிழை இல்லை என்று சொன்னேன். உங்கள் சமையலிலும் இல்லை, வளர்ப்பிலும் இல்லை. குடும்ப மருத்துவரிடம் கூட்டிப் போங்கள். நாடி, இரத்த அழுத்தம், இரத்தப் பரிசோதனை எல்லாம் பார்க்கச் சொல்லுங்கள். பார்க்க நன்றாகத்தானே இருக்கிறாள் என்று அவர் சொன்னால், இன்னொரு தடவை கேளுங்கள். பிறகு அந்த அம்மாவை ஒருங்கிணைப்பாளரிடம் கூட்டிக்கொண்டு போய் இருத்தினேன். அவர்கள் இருவரும் நெடுநேரம் கதைத்துக்கொண்டிருந்தார்கள்.

அந்தக் கலியாணவீட்டில் வாழ்த்தியவர்கள் எல்லோரும் அன்பானவர்களாகத்தான் இருந்திருப்பார்கள். ஆனால் நோய்க்கு அங்கே பரிசளிப்பு விழா நடந்திருக்கிறது. ஒரு பிள்ளை பசியோடு வாங்கிய பாராட்டு அது. அதைத் திருப்பிக் கொடுக்க அவளுக்கு எவ்வளவு கஷ்டமாக இருக்கும்!

*

இதை வாசிக்கிறவர்களிடம் கேட்பது ஒன்றுதான். அடுத்த கலியாணவீட்டிலோ கோயிலிலோ ஒரு பிள்ளையைக் கண்டால் மெலிந்துவிட்டாய், கொழுத்துவிட்டாய், வடிவாகிவிட்டாய் என்று தொடங்காதீர்கள். என்ன புத்தகம் வாசிக்கிறாய், நடன வகுப்பு எப்படிப் போகிறது, உன் சிநேகிதி எங்கே என்று கேளுங்கள். பிள்ளைகளின் முன்னால் உங்கள் சொந்த உடம்பையும் திட்டாதீர்கள், அவர்கள் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

வீட்டில் ஒரு பிள்ளை மேசைக்கு வருவதை நிறுத்தியிருந்தால், நிறை குறையும்வரை பார்த்திருக்க வேண்டாம். இந்தக் கிழமையே மருத்துவரிடம் கொண்டுபோங்கள். பிள்ளை உங்களோடு கதைக்க மறுத்தால் வேறு ஒருவரோடு கதைக்கட்டும். கனடாவில் கிட்ஸ் ஹெல்ப் போன் 1989இலிருந்து இயங்குகிறது. எண் 1-800-668-6868. 24 மணி நேரமும் ஆள் இருப்பார்கள். கட்டணம் இல்லை, பெயர் சொல்ல வேண்டியதும் இல்லை.